விளக்கை அணைக்கச் சொன்னவள்

பிரியேட்டோ என்கிற ஊரில் நாய் குரைத்தால் டெல்பினா அர்மிஹோவைக் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் புல்லை வெட்டாமல் விட்டால் அவளைக் கூப்பிடுவார்கள். செத்துப்போன லாரியை வாசலில் நிறுத்தி அதற்குள் எவனாவது கோழி வளர்த்தால் அதற்கும் அவள்தான். வெளிச்சத்துக்கு மட்டும் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அதற்கு அவளாகவே வருவாள். அதனால்தான் ஊரில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

நகர மன்றம் அவள் உத்தியோகத்துக்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘இருட்டுக்காரி’. மலைமேல் பெரிய தொலைநோக்கி வந்த காலத்திலேயே ஊரில் விளக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வெளியே எரிகிற எந்த விளக்கும் தலையில் மூடி போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துத்தான் எரிய வேண்டும். வானத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்தவன் கண்ணைக் குத்தக் கூடாது, வெள்ளையாக எரியக் கூடாது, மஞ்சள்தான். கடைப் பலகை கடையோடு சேர்ந்து தூங்கிவிட வேண்டும். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் வெளிச்சம் தெரியலாம், பல்பு தெரியக் கூடாது. டெல்பினா பொழுது சாய்ந்ததும் தன் பழைய பிக்கப்பில் புறப்பட்டு வேலி வேலியாக நின்று, கையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பல்பைத் தேடுவாள். தெரிந்தால் மறுநாள் கதவில் நோட்டீஸ்.

நிலாவுக்கே ஒருமுறை நோட்டீஸ் ஒட்டப் பார்த்தாள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பச்சைப் பொய். பௌர்ணமியன்று மூடி போடாமல் வந்து நின்ற நிலாவைப் பார்த்து முறைத்தாள், அவ்வளவுதான். நிலாவுக்கும் மரியாதை தெரிந்திருந்தது. கொஞ்சம் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

அப்படி இருட்டு அந்த ஊரில். நட்சத்திர வெளிச்சத்திலேயே ஆளுக்கு நிழல் விழும். அமாவாசையன்று வந்து இறங்கிய வெளியூர்க்காரன் ஒருவன், வானத்தில் குறுக்கே கிடந்த பால்வீதியைப் பார்த்துவிட்டு, எங்கோ காடு பற்றி எரிகிறது, புகை போகிறது என்று தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டான். வண்டி வந்தது. வந்தவர்களும் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது நம் குழாய்க்கு எட்டாது என்று திரும்பிப் போனார்கள்.

டெல்பினா பிறந்து வளர்ந்தது அங்கேதான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள், கல்யாணம் கட்டினாள், ஒரே மகனைப் பெற்றாள், புருஷன் ஒனேசிமோவைப் புற்றுநோய்க்குக் கொடுத்தாள். அதன் பிறகுதான் இந்த வேலை. மகன் ஆல்புகர்க்கியில் இருக்கிறான். அங்கே போனால் ஜன்னலுக்கு வெளியே இரவெல்லாம் விளம்பரப் பலகை எரியும். டெல்பினா கண் மூடாமல் உட்கார்ந்திருப்பாள், விடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். ஊருக்கு வந்து, விளக்கில்லாத தன் பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

சட்டத்துக்கு அந்த ஊரில் அடங்காத ஒரே விளக்கு ஹார்லன் ஸ்டக்கி வீட்டுடையது. ஊருக்கு மேற்கே, கரும்பாறைக் காட்டின் ஓரத்தில் அவர் பண்ணை. என்றைக்கோ எரிமலை கக்கிய குழம்பு உறைந்து, வெடித்து, பாளம் பாளமாகக் கிடக்கிற இடம் அந்தக் காடு. ஆளை விழுங்கும் பிளவுகள், செருப்பைத் தின்னும் கற்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே முகம். ஹார்லனின் மாட்டுக்கொட்டகைக்கு மேல், உயரமான கம்பத்தில், மூடியில்லாத பழைய மெர்குரி விளக்கு. பொழுது சாய்ந்தால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். பச்சை கலந்த வெள்ளை வெளிச்சம் மலை உச்சி வரை போய்த் தொலைநோக்கியின் கண்ணில் மண்ணைப் போடும்.

டெல்பினா நயமாகச் சொன்னாள், நோட்டீஸ் ஒட்டினாள், மன்றச் செலவிலேயே மூடி போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னாள். ஹார்லன் ஒவ்வொரு தடவையும் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வார்: “அந்த விளக்கு எங்கப்பா போட்டது. தொப்பி போட்டுத்தான் ஆகணும்னா எனக்குப் போடு. அதுக்குப் போடாதே.”

வழக்கு நகர மன்றத்துக்குப் போனது. மூடி போடு, இல்லை அகற்று என்று தீர்ப்பு வந்தது. ஹார்லனுக்கு வந்த வீம்பில் மூடியும் போடவில்லை, மஞ்சள் பல்பும் போடவில்லை. ஏணி வைத்து ஏறி விளக்கையே கழற்றிக் கொட்டகைக்குள் எறிந்துவிட்டார். கழற்றியது ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் முடிவதற்குள் டெல்பினா வீட்டுத் தொலைபேசி அடித்தது.

நவம்பர் மாதம். சூரியன் விழுந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அடுப்பில் பன்றிக்கறியும் பச்சை மிளகாயும் கொதித்துக்கொண்டிருந்தன. டெல்பினா கரண்டியோடு போய் எடுத்தாள்.

“டெல்பினா? இப்ப சந்தோஷமா?”

ஹார்லனின் மனைவி வெர்னாவின் குரல்.

“என்ன வெர்னா? என்ன ஆச்சு?”

“மத்தியானம் கன்னுக்குட்டி ஒண்ணக் காணோம்னு கரும்பாறைக்குள்ள போனாரு. இன்னும் வரல. முப்பது வருஷமா அந்த மனுஷன் அங்க போனா, இருட்டினதும் திரும்பிப் பாப்பாரு, கொட்டகை விளக்கு தெரியும், அதப் புடிச்சுக்கிட்டு வந்து சேந்துருவாரு. இன்னைக்குத் திரும்பிப் பாத்தா என்ன தெரியும்? உன் சட்டம்தான் தெரியும்.”

“ஷெரீஃப் ஆபீசுக்குச் சொன்னியா?”

“சொல்லியாச்சு. உனக்கும் சொல்லணும்ல? விளக்க அணைச்சவளுக்குத்தான முதல்ல சொல்லணும்.”

வெர்னா வைத்துவிட்டாள். டெல்பினா அடுப்பை அணைத்தாள். கோட்டை எடுத்தாள். வெளியே வந்து மேற்கே பார்த்தாள். வானம் முழுக்க நட்சத்திரம் வாரி இறைத்துக் கிடந்தது. அத்தனை நட்சத்திரத்தின் கீழே பிறந்து வளர்ந்த ஹார்லனுக்கு அதில் ஒன்றின் பெயரும் தெரியாது. வடக்கு எது என்று கேட்டால்கூடக் கொட்டகை விளக்குக்கு வலப்பக்கம் என்பார். அதெல்லாம் ஊர் அறிந்த வேடிக்கை. அன்றைக்கு அது வேடிக்கையாக இல்லை. காற்று வடக்கிலிருந்து வீசியது. நாய்க்கு வைத்த தண்ணீரில் அதற்குள் பனி ஏடு கட்டியிருந்தது. இந்தக் குளிரில் கம்பளிச் சட்டையோடு கிடக்கிற ஓர் அறுபத்தெட்டு வயது மனிதன் விடியும்வரை தாங்க மாட்டான். அது அவளுக்கும் தெரியும், வெர்னாவுக்கும் தெரியும்.

பண்ணைக்குப் பின்னால், காட்டைப் பார்த்த மேட்டில் அவள் போய்ச் சேர்வதற்குள் ஊரே அங்கே இருந்தது. துணை ஷெரீஃப் ரேமுண்டோ ஒலிபெருக்கியில் ஹார்லன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான். அவன் டெல்பினாவின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன். இன்றும் அவளைத் ‘தியா’ என்றுதான் கூப்பிடுவான், சித்தி முறையில்.

“ஹெலிகாப்டர் கேட்டேன் தியா. இந்தக் காத்துல கிளம்ப மாட்டாங்களாம். அவரு பிக்கப் பண்ணையோட மேற்கு வாசல்ல நிக்குது, போனும் அதுக்குள்ளயே கெடக்கு. டார்ச்சு எடுத்துட்டுப் போனாரான்னு வெர்னாவுக்குத் தெரியல. ஊர்ல இருக்கற அத்தன லைட்டையும் கொண்டாரச் சொல்லிருக்கேன். பகலாக்கிருவோம். எங்க இருந்தாலும் பாத்து வந்துருவாரு.”

ஊரில் இருக்கிற அத்தனை லைட்டும் வந்தது.

பிரியேட்டோவின் சரித்திரத்தில் அப்படி ஒரு ஊர்வலம் நடந்ததில்லை. டயர் கடை தெயோ, நான்கு தலை ஃபோகஸ் லைட்டை இழுவண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். டெக்சாஸ்காரனுக்கு விற்றுவிட்டேன் என்று டெல்பினாவிடம் மூன்று புனிதர்கள் மேல் சத்தியம் செய்திருந்த லைட் அது. உடைந்துபோயிற்று என்று சொல்லப்பட்ட குதிரை மைதானத்து விளக்குகள் உடையாமல் வந்தன. சிலுவைக்கு வெள்ளை வெளிச்சம் அடிப்பதைச் சர்ச் போன வருஷமே நிறுத்திவிட்டது. அந்த வெள்ளை வெளிச்சம் பாஸ்டரின் காரிலிருந்து இறங்கியது. சட்டத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியிலும் வைக்கோலுக்கடியிலும் படுத்துக் கிடந்த விளக்கெல்லாம் எழுந்து வந்து மேட்டின் மேல் வரிசையாக நின்றன. ஜெனரேட்டர்கள் உறுமின. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

அன்று மலைமேல் தொலைநோக்கிக்காரர்கள் சூரியன் மேற்கில் உதித்துவிட்டது என்று எழுதிவைத்தார்களாம். இருக்கும்.

தெயோ அவளைப் பார்த்துவிட்டான். அவள் மகனுக்கு ஞானத்தகப்பன் அவன். அந்த உறவில் ‘கோமாத்ரே’ என்பான். “என்ன கோமாத்ரே, நோட்டீசு கொண்டாந்தியா? எம் பேர முதல்ல போடு. நல்லாத் தெரியற மாதிரி போடு, இங்கதான் வெளிச்சம் இருக்கே.”

யாரோ சிரித்தார்கள். டெல்பினா அவனைத் தாண்டி நடந்தாள்.

வெர்னா மேட்டின் நுனியில், கணவனின் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். போட்டுக்கொள்ளவில்லை, வந்ததும் அவருக்குப் போட்டுவிட வைத்திருந்தாள். டெல்பினா பக்கத்தில் போய் நின்றபோது திரும்பாமல் சொன்னாள்: “தள்ளி நில்லு. உன்னப் பாத்தா எனக்குக் கை நிக்காது.”

தள்ளி நின்றாள்.

இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஆட்கள் உள்ளே போனார்கள். மேட்டிலிருந்து வெளிச்சம் முதுகில் அடிக்க, அவர்கள் நிழல் அவர்களுக்கு முன்னால் தார் ஊற்றியது போல் நீண்டு கிடந்தது. எது நிழல், எது பிளவு என்று தெரியாமல் ஒவ்வோர் அடியையும் குச்சியால் குத்திப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. ஒருவன் முட்டியை உடைத்துக்கொண்டு திரும்பினான். மற்றவர்களும் திரும்பினார்கள். “பக்கத்துல இருக்கற கல்லு பல்லுப் பல்லாத் தெரியுது. அதுக்கு அப்பால ஒண்ணுமே தெரியல,” என்றான் ஒருவன். ஒலிபெருக்கியில் கத்திவிட்டுக் காது கொடுத்தால் ஜெனரேட்டர்தான் பதில் சொன்னது.

குளிர் இன்னும் இறங்கியது. பாஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபம் செய்ய ஆரம்பித்தார். அவரவர் காபிக் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி ஜெபம் போலிருந்தது அது. வெர்னா மட்டும் தலை குனியவில்லை.

டெல்பினா விளக்கு வரிசைக்குப் பக்கவாட்டில் நடந்து போனாள். பழக்கத்தில் கை தானாக நீண்டது. பல்புகளைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தாள். வெளிச்சம் எட்டும்வரை வெள்ளைக் கல், அதற்கு அப்பால் ஒரு கறுப்புச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் ஆயிரம் பேர் நின்று கையாட்டினாலும் இங்கிருந்து தெரியாது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. சொல்லியும் ஆக வேண்டும், சொல்லவும் முடியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது: அவர் கிடக்கிறாரா, நடக்கிறாரா? கிடந்தால் இந்த வெளிச்சம் அவரை மறைக்கிறது. நடந்தால் இந்த வெளிச்சம்தான் அவருக்கு வழி. அணைத்தால் இரண்டாவது தடவையாக அவர் வழியை அவளே அணைத்ததாகும்.

ரேமுண்டோவிடம் போனாள்.

“எல்லாத்தையும் அணைக்கச் சொல்லு.”

“என்ன தியா?”

“லைட்டு, ஜெனரேட்டர், வண்டி, போன், எல்லாம். கொஞ்ச நேரத்துக்கு.”

அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல்கள் கிளம்பின.

“கேட்டீங்களா? ஒரு மனுஷன் வெறச்சுச் செத்துக்கிட்டு இருக்கான், இவ சட்டம் பேசறா!”

“செத்தப்புறம் அவரு கல்லறையில மெழுகுவத்தி ஏத்தலாமா, இல்ல அதுக்கும் மூடி போடணுமா?”

தெயோ இப்போது கேலி செய்யவில்லை. தன் விளக்குக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றான். “வேணாம் கோமாத்ரே. உனக்குக் கும்பிடு போடறேன். அவரு இதப் பாத்து வந்துக்கிட்டு இருந்தா?”

“இருக்கலாம்,” என்றாள் டெல்பினா. “எனக்குத் தெரியாது.”

“தெரியாமயா அணைக்கச் சொல்ற?”

“அவருகிட்ட நெருப்பு இருக்கு தெயோ. சின்ன நெருப்பு. இந்த வெளிச்சத்துல அது நமக்குத் தெரியாது.”

வெர்னா திரும்பினாள். “அவருகிட்ட என்ன நெருப்பு இருக்கும்? பைக்குள்ள கத்தி, கயிறு, கைக்குட்ட. நான்தான துவைக்கறேன்.”

கூட்டம் அடங்கியது.

“வெர்னா, அவரு சிகரெட்ட விடல.”

“விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. மாரடைப்பு வந்து படுத்தப்ப எங்கம்மா பைபிள் மேல கைய வெச்சு விட்டாரு.”

“விடல வெர்னா. விளக்கப் பாக்கறதுக்கு உங்க வேலிக்கு வெளிய வந்து நிப்பேன்ல? அப்பல்லாம் பாத்திருக்கேன். கொட்டகைக்குப் பின்னால, அந்த விளக்கு விழாத ஒரே ஒரு மூலை இருக்கு பாரு, அங்க நின்னு குடிப்பாரு. மொத தடவ என்னப் பாத்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி முதுகுக்குப் பின்னால ஒளிச்சாரு. அப்புறம் வெர்னாகிட்ட சொல்லிறாதேன்னு கையக் காட்டினாரு. லைட்டர பூட்ஸுக்குள்ள சொருகி வெச்சிருப்பாரு.”

வெர்னா அவளையே பார்த்தாள். அத்தனை விளக்கும் அவள் முகத்தில்தான் விழுந்தது.

“எங்க வீட்டு விளக்க ஊரு முழுக்கச் சொன்ன. மன்றத்துல படம் போட்டுக் காட்டின. இத மட்டும் சொல்லல.”

“அது சட்டத்துல இல்ல.”

அறை விழும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டெல்பினாவும் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள். ரேமுண்டோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “வெர்னா, நீங்க சொல்றதுதான். அவரு நடந்து வராரா, விழுந்து கெடக்கறாரான்னு யாருக்கும் தெரியாது. எரியணுமா, அணையணுமா?”

வெர்னா மடித்து வைத்திருந்த கோட்டை இறுக்கிக்கொண்டாள். காற்று தெயோவின் விளக்குத் தலைகளை ஆட்டியது; மேட்டின் மேல் இருந்த அத்தனை பேர் நிழலும் ஒருசேர ஆடியது.

“அணைங்க,” என்றாள்.

அணைத்தார்கள். ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு ஜெனரேட்டராக. கடைசியாகத் தெயோ. விசையில் கை வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, அணைத்தான்.

இருட்டு வந்து அடித்தது. பக்கத்தில் நிற்பவன் மூக்கு தெரியவில்லை. எங்கோ ஒருவன் பயத்தில் கைபேசியை எடுத்தான். பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள், அணைத்தான். இவ்வளவு வெளிச்சம் பார்த்த கண் இருட்டில் திறக்க நேரம் பிடிக்கும் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காத்திருந்தார்கள்.

முதலில் நட்சத்திரங்கள் வந்தன. பிறகு அடிவானம். பிறகு காடு, மேலே இருந்த கறுப்பைவிட இன்னும் கொஞ்சம் கறுப்பாக. அதில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. கேட்டது காற்று மட்டும்தான்.

“இல்ல,” என்றான் யாரோ.

“பேசாத.”

“இல்லடா. அங்க ஒண்ணுமில்ல. நடந்து வந்துக்கிட்டிருந்தவனத் தொலச்சுட்டோம்.”

டெல்பினாவின் மணிக்கட்டில் ஒரு கை வந்து பற்றியது. வெர்னாவின் கை. ஆதரவாகப் பற்றவில்லை, நகம் தோலுக்குள் இறங்கியது. டெல்பினா இழுத்துக்கொள்ளவில்லை. ஐயோ, தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவளுக்கு அந்த நொடியில் உறுதியாகப் பட்டது. அந்த மனிதன் இந்நேரம் எங்கோ நடுக்காட்டில் நின்று, இருந்த ஒரே வழியும் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாளை விடிந்ததும் நாய்கள் அவனைக் கண்டுபிடிக்கும். அதற்குப் பிறகு அவள் எந்த வேலிக்கு வெளியே போய் நிற்பாள்?

தெயோ ஜெனரேட்டர் கயிற்றைக் கையில் சுற்றுகிற சத்தம் கேட்டது. “மன்னிச்சுக்க கோமாத்ரே. நான் போடப் போறேன்.”

“தெயோ…”

“போதும். நீ சொன்னதக் கேட்டாச்சு.”

“அங்க,” என்றாள் வெர்னா.

யாரும் தேடாத பக்கம். பிக்கப் நின்ற மேற்கு வாசலுக்கு வெகுதூரம் தள்ளி, வடக்கே. ஒரு பொறி. போய்விட்டது. மறுபடி ஒரு பொறி, காற்றில் சாய்ந்து அணைந்தது. தெயோவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது தடவை நெருப்பு நின்று எரிந்தது, ஒரு தீக்குச்சித் தலை அளவுக்கு, மஞ்சளாக. பிறகு அதுவும் போய், அந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. மங்கியது, பளிச்சென்றது, மங்கியது. ஆள் மூச்சை இழுத்து விடுகிற மாதிரி.

“சிகரெட்டு,” என்றாள் வெர்னா. அந்த ஒரு சொல்லில் இருந்த கோபத்தில் கரும்பாறை மறுபடி உருகியிருக்கும். “குடிக்கறான். சாகறப்பவும் குடிக்கறான்.” சொல்லிவிட்டு டெல்பினாவின் மணிக்கட்டை விட்டாள்.

விளக்குப் போடாதே என்று டெல்பினா கத்தினாள். கையை நீட்டி அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேமுண்டோவும் தெயோவும் இன்னும் மூன்று பேரும் கண் கூசாதபடி சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுகளோடு இறங்கினார்கள். மேட்டிலிருந்து அவள் கத்தக் கத்த அவர்கள் திரும்பினார்கள். இடது. இன்னும் இடது. நேரா. நடுவே புள்ளி அணைந்துபோனது. அவள் கையை இறக்கவில்லை. அணைந்த இடத்தையே காட்டிக்கொண்டு நின்றாள், தோள் மரத்துப்போகும்வரை, கீழே ரேமுண்டோவின் விசில் கேட்கும்வரை.

ஒரு கால் தொடை வரை பிளவுக்குள் சொருகிக் கிடந்தார் ஹார்லன். கணுக்கால் உடைந்திருந்தது. தூக்குப்படுக்கையில் மேட்டுக்குக் கொண்டு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. ஆனால் வாய் வேலை செய்தது.

“எந்த முட்டாள் லைட்ட அணைச்சான்?”

தெயோ தூக்குப்படுக்கையின் தலைப்பக்கத்தை மெல்ல இறக்கினான்.

“அழகா வந்துக்கிட்டு இருந்தேன். பொழுது சாஞ்சதும் வழி தெரியாம ஒரு கல்லுக்கடியில சுருண்டு கெடந்தேன். திடீர்னு பாத்தா வானத்துல அவ்வளவு வெளிச்சம், ஏசுவே திரும்பி வந்துட்டார்னு நெனச்சேன். அதப் பாத்து எந்திரிச்சு நடந்தேன். பாதி வழி வந்துட்டேன். எவனோ உலகத்தையே அணைச்சுட்டான். வெச்ச கால் எங்க போச்சுன்னே தெரியல, உள்ள எறங்கிருச்சு.” பல் கிட்டித்தது, ஆனால் விடவில்லை. “கால் போச்சு, வழி போச்சு. சரி, செத்தாலும் ஒரு சிகரெட்டாவது குடிச்சுட்டுச் சாகலாம்னு பத்த வெச்சேன்.”

எல்லாரும் டெல்பினாவைப் பார்த்தார்கள்.

“நான்தான் அணைக்கச் சொன்னேன் ஹார்லன்,” என்றாள் அவள்.

“தெரியும்,” என்றார் அவர். “வேற எவளுக்கு மனசு வரும்?”

ரேமுண்டோ குறுக்கே வந்தான். அவர் விழுந்த இடத்துக்கும் மேட்டுக்கும் நடுவில்தான் பெரிய பிளவு கிடக்கிறது, இரண்டு ஆள் ஆழம், கண் கூசக் கூச நேரே அதற்குள் போயிருப்பார் என்று சொல்லிப் பார்த்தான். அந்தப் பிளவு எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், சுற்றி வந்திருப்பேன் என்றார் ஹார்லன். அந்த வழக்கு பிரியேட்டோவில் இன்றுவரை தீரவில்லை. அவள் அணைத்ததால்தான் விழுந்தார் என்கிறவர்களும், அவள் அணைத்ததால்தான் கிடைத்தார் என்கிறவர்களும் இப்போதும் சர்ச்சில் எதிரெதிர் பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள்.

வெர்னா கோட்டைக் கொண்டு வந்து அவர்மேல் போட்டாள். ஓரங்களைச் செருகிவிட்டாள். பிறகு குனிந்து அவர் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து மோந்து பார்த்தாள்.

“எங்கம்மா பைபிள் மேல,” என்றாள்.

“வெர்னா…”

“பேசாத. உயிரோட இரு மொதல்ல. அப்புறம் நானே கொல்றேன்.”

அவர் பூட்ஸுக்குள் கையை விட்டு லைட்டரை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆம்புலன்சில் ஏறுமுன் ஒருமுறை நின்று டெல்பினாவைத் திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியது.

வண்டி போனதும் மேட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிக்கலாமா, கும்பிடலாமா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாமா? அந்த நேரத்தில்தான் ஒவ்வொருவருக்காக உறைத்தது. ஊரில் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்த அத்தனை விளக்கும் இருட்டுக்காரியின் கண்முன்னால், வரிசையாக, பெயர் போட்ட வண்டிகளின் மேல் நின்றுகொண்டிருந்தன.

தெயோ தொண்டையைக் கனைத்தான். “கோமாத்ரே… இந்த லைட்டு வந்து… அந்த டெக்சாஸ்காரன் பணம் சரியாக் குடுக்கல, அதனால…”

டெல்பினா அவனுக்கு முதுகைக் காட்டிக் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

பின்னால் கிசுகிசுப்பு. பிறகு அவசரம். தார்ப்பாய் இழுக்கிற சத்தம், சங்கிலி மாட்டுகிற சத்தம், பாஸ்டர் கார்க் கதவை மெல்ல, மிக மெல்லச் சாத்துகிற சத்தம். தங்களுக்குச் சலுகை காட்டுகிறாள், நல்ல மனசு என்று அவர்கள் நினைத்தார்கள். ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் திரும்பாததற்குக் காரணம் வேறு. அப்போதுதான் அவளுக்கு நடுக்கம் பிடித்திருந்தது. தாடை ஆடியது, கண்ணீர் கன்னத்திலேயே சில்லிட்டது, பற்றிக்கொள்ள அங்கே ஒரு வேலியும் இல்லை. அந்த இருட்டு மட்டும் இல்லையென்றால் ஊரே பார்த்திருக்கும்.

வண்டிகள் ஒவ்வொன்றாக முன்விளக்குப் போடாமல் நழுவின. கடைசியாக ஒரு காலடிச் சத்தம் அவள் பின்னால் வந்து நின்றது.

“கோமாத்ரே, நான் போகட்டா?”

டெல்பினா மூக்கை உறிஞ்சினாள். குரலைச் சரி செய்துகொண்டாள்.

“யாருப்பா அது?” என்றாள். “இருட்டுல ஒண்ணும் தெரியலையே எனக்கு.”